மலப் பரிசோதனை: குடலைப் பற்றி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

துணுக்காயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒரு அம்மா, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஜாம் போத்தலை ஆய்வுகூட ஜன்னலில் வைத்தார். "தம்பி, என்ரை குடல் நல்லா இருக்குதோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். வைத்தியர் எழுதிய துண்டு எதுவும் அவரிடம் இல்லை. ஆறு மாதமாக வயிறு ஊதுகிறதாம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறைதான் மலம் போகிறதாம், போனாலும் போனமாதிரி இல்லையாம். போத்தலின் மூடியில் ஜாம் இன்னும் ஒட்டியிருந்தது.

வன்னியில் ஆய்வுகூட வேலையில் இருந்த காலம் முழுவதும் இதே கேள்வியை வேறு வேறு வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். குடல் நல்லதா கெட்டதா என்று மொத்தமாகச் சொல்லும் பரிசோதனை ஒன்று எங்குமே இல்லை. கொழும்பிலும் இல்லை, லண்டனிலும் இல்லை. பூச்சி முட்டை இருக்கிறதா, இரத்தம் கலந்திருக்கிறதா, குடற்சுவரில் அழற்சி இருக்கிறதா, இன்ன கிருமி இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பரிசோதனை. கேட்காத கேள்விக்கு ரிப்போர்ட்டில் பதில் வராது. ஆனால் ரிப்போர்ட் நோர்மல் என்று வந்ததும், கேட்காததற்கும் பதில் கிடைத்துவிட்டதாக எண்ணி வீட்டுக்குப் போய்விடுகிறோம். இந்த வழிகாட்டியை எழுத வைத்தது அந்த நிம்மதிதான்.

முதல் அடி: போத்தலுக்கு முன் கொப்பி

ஒரு வாரம் கொப்பியில் எழுதுங்கள். எத்தனை தடவை போனது, எப்படிப் போனது, வலி எப்போது வந்தது, அன்று என்ன சாப்பிட்டீர்கள், என்ன குளிகை எடுத்தீர்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. மலத்தின் வடிவத்தை 7 வகையாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணையை உலகம் முழுவதும் வைத்தியர்கள் பயன்படுத்துகிறார்கள். நம் பேச்சில் சொன்னால், 1 ஆட்டுப் புழுக்கை போல் உருண்டை உருண்டையாக இருப்பது, 2 கட்டிகள் சேர்ந்த திரள். 3, 4 வாழைப்பழம் போல் வருவது, அவைதான் சுகமானவை. 5 மென்மையான துண்டுகள், 6 கூழ், 7 வெறும் தண்ணீர். "ஒரு மாதிரிப் போகுது" என்பதைவிட "வாரத்தில் நாலு நாள் 6, இரண்டு நாள் 1" என்று சொன்னால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று தடவையிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வரை எல்லாமே சாதாரணம்தான். தினமும் போகாவிட்டால் நோய் என்று நினைத்துப் பேதிக்கு எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிறத்தையும் எழுதுங்கள். பீற்றூட் கறி சாப்பிட்டால் மறுநாள் சிவக்கும். கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் இரும்புக் குளிகை கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ ஆக்கும். இரும்பு எடுக்காத ஒருவருக்குத் தார் போல் கறுத்து, பிசுபிசுத்து, கடும் நாற்றத்துடன் போனால் இரைப்பையிலோ சிறுகுடல் தொடக்கத்திலோ இரத்தம் கசிகிறது என்று கொள்ள வேண்டும். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். கைக்குழந்தைக்குக் கண் மஞ்சளாகி, மலம் வெளிறிய சுண்ணாம்பு நிறத்தில் போனாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. பித்தக் குழாய் அடைபட்ட குழந்தைக்குச் செய்யும் சத்திரசிகிச்சை, பிறந்து 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும்.

சில அறிகுறிகள் இருந்தால் மலப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரத்தச்சோகை, வயிற்றுக்குள் கட்டி தட்டுப்படுவது, நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், 50 வயதைத் தாண்டியபின் புதிதாக மாறிய மலப் பழக்கம், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்றுநோய். "அது மூலமாத்தான் இருக்கும்" என்று நாமே தீர்ப்புச் சொல்லி எத்தனை பேர் காலத்தைத் தவற விட்டிருக்கிறார்கள்!

இன்னொரு பக்கம், பரிசோதனையே தேவைப்படாத நேரமும் உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு நாள் தண்ணீராகப் போகிறது, காய்ச்சல் இல்லை, இரத்தம் இல்லை, குடிக்க முடிகிறது என்றால் போத்தலைத் தேட வேண்டாம், நீரிழப்புக்குக் கொடுக்கும் ஜீவனித் தூளைக் கரையுங்கள். பெரும்பாலும் தானாக நிற்கும். பிள்ளை சோர்ந்து போனால், கண் குழிந்தால், சிறுநீர் குறைந்தால் வைத்தியசாலை. 14 நாளைத் தாண்டினால் பரிசோதனை வேண்டும்.

இரண்டாவது அடி: கேள்விக்குரிய பரிசோதனையைத் தெரிவுசெய்வது

நம் வைத்தியசாலைகளில் சாதாரணமாக எழுதப்படுவது ஸ்டூல் ஃபுல் ரிப்போர்ட். பெயரில்தான் முழுமை இருக்கிறது. நிறம், தன்மை, சளி, இரத்தம் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து, பிறகு ஒரு துளியை உப்பு நீரில் கரைத்து நுணுக்குக்காட்டியின் கீழ் சீழ்க்கலம், செங்குழியம், அமீபா, பூச்சி முட்டை ஆகியவற்றைத் தேடுகிறோம். அவ்வளவுதான். பக்டீரியா எது என்று அதில் தெரியாது, புற்றுநோய் தெரியாது, உணவு ஒவ்வாமை தெரியாது.

பூச்சியும் ஒருகல நுண்ணுயிரும் தினமும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. ஜியார்டியா என்ற ஒருகலக் கிருமி இன்று வரும், மூன்று நாள் ஒளிந்திருக்கும். அதனால் சந்தேகம் பலமாக இருந்தால் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கொடுக்க வேண்டும். கீரைப்பூச்சிக்கு இந்தப் பரிசோதனை அநேகமாகப் பயனே இல்லை. பெண் பூச்சி இரவில் வெளியே வந்து மலவாசலைச் சுற்றியுள்ள தோலில் முட்டையிடும், மலத்துக்குள் இடாது. "பிள்ளை இராவெல்லாம் சொறியுது, ரிப்போர்ட்டில ஒண்டுமில்லையாம்" என்று வரும் தாய்மாருக்கு நான் சொல்வது இதுதான்: காலையில் பிள்ளை எழும்பியதும், கழுவுவதற்கு முன், தெளிந்த செலோடேப்பை அந்த இடத்தில் ஒட்டி எடுத்து ஆய்வுகூடக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுங்கள். மூன்று காலை செய்யுங்கள்.

அடுத்தது மறைந்த இரத்தத்துக்கான பரிசோதனை. இதில் இரண்டு வகை உண்டு, எந்த வகை என்று கட்டாயம் கேளுங்கள். பழைய குவையக் முறை எந்த இரத்தத்தையும் பிடிக்கும். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பச்சை முள்ளங்கி சாப்பிட்டிருந்தால் இல்லாத இரத்தத்தை இருப்பதாகக் காட்டலாம். விற்றமின் சீ குளிகை அதிகம் எடுத்தால் இருக்கும் இரத்தத்தை மறைத்துவிடும். ஆகவே மூன்று நாள் பத்தியம் வேண்டும். புதிய ஃபிட் முறை மனித ஹீமோகுளோபினை மட்டும் தேடும், பத்தியம் வேண்டாம். பெருங்குடல் புற்றுநோய் உள்ள பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேரை ஒரே தடவையில் பிடிக்கும். மற்ற இருவரையும் மறந்துவிடக் கூடாது.

ஃபிட் முறைக்கு இன்னொரு வரம்பு உண்டு. அதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், ஆனாலும் வீட்டில்தான் கற்றேன். எங்கள் சித்தப்பாவுக்கு முழங்கால் வலி. அருவி வெட்டுக் காலத்தில் பாமசியில் டைக்குளோஃபினாக் என்ற வலிக் குளிகை வாங்கி மாதக் கணக்கில் விழுங்கினார். களைப்பு, மூச்சு வாங்கல், ஹீமோகுளோபின் 7. ஃபிட் பரிசோதனையில் இரத்தம் இல்லை என்று வந்ததும் குடும்பமே ஆறுதல் அடைந்தது. இரும்புக் குளிகை எடுப்பதால்தான் மலம் கறுப்பு என்றும் முடிவு கட்டினோம். பிறகு எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பையில் புண். மேலே கசியும் இரத்தத்தின் புரதம் சிறுகுடலைக் கடக்கும்போதே செரித்துவிடும். கீழே வந்து சேரும்போது ஃபிட் தேடும் வடிவத்தில் அது இருக்காது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைந்த இரத்தச்சோகை இருந்தால், மலத்தில் இரத்தம் இல்லை என்ற முடிவோடு விஷயத்தை மூடிவிடாதீர்கள்.

கால்புரோடெக்டின் என்பது வெண்குழியங்களிலிருந்து வரும் ஒரு புரதம். குடற்சுவரில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும். நீண்டகால வயிற்றோட்டமும் வலியும் உள்ள இளம் வயதினருக்கு இது நல்ல பரிசோதனை. குரோன் நோய், புண் சார்ந்த பெருங்குடல் அழற்சி போன்றவற்றையும், அழற்சி இல்லாத குடல் எரிச்சல் நோயையும் பிரித்துக்காட்ட உதவும். பெரியவர்களில் பொதுவாக ஒரு கிராமில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அழற்சிக்கான சாத்தியம் குறைவு, 250க்கு மேல் என்றால் தீவிரமாகத் தேட வேண்டும். இடையில் வந்தால் சில வாரம் கழித்துத் திரும்பச் செய்வார்கள். டைக்குளோஃபினாக், ஐபுபுரோஃபன் போன்ற வலிக் குளிகைகளும் சாதாரண வயிற்றோட்டமும்கூட இதைக் கூட்டும். அழற்சி இருக்கிறது என்று சொல்லுமே தவிர ஏன் என்று சொல்லாது. வன்னியில் இதைக் கொடுத்தால் மாதிரி பொதுவாகக் கொழும்புக்குப் போகும், முடிவுக்குச் சில நாள் பொறுக்க வேண்டும்.

இரத்தமும் காய்ச்சலும் சேர்ந்த வயிற்றுளைவுக்கு மல வளர்ப்புப் பரிசோதனை. ஷிகெல்லா, சல்மொனெல்லா போன்றவற்றை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்றும் பார்ப்பார்கள். இரண்டு மூன்று நாள் ஆகும். நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். நெருப்புக் காய்ச்சலின் முதல் வாரத்தில் மலத்தைவிட இரத்த வளர்ப்புத்தான் உதவும்.

நெஞ்செரிவு, மேல்வயிற்று வலிக்கு ஹெலிகோபக்டர் பைலோரி கிருமியை மலத்தில் தேடலாம். பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலையும், 4 வாரம் முன்பே நுண்ணுயிர்க்கொல்லிகளையும் நிறுத்தியிருக்க வேண்டும். வைத்தியரைக் கேட்டே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும்.

மூன்றாவது அடி: எடுக்கும் விதம்

நல்ல பரிசோதனையைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடம்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆய்வுகூடத்தில் அகன்ற வாய்ப் போத்தல் கொடுப்பார்கள், முதல்நாளே வாங்கி வையுங்கள். ஜாம் போத்தல், தயிர்க் கோப்பை, கழுவிய மருந்துப் போத்தல் எதுவும் வேண்டாம். சீனியும் சவர்க்காரமும் டெட்டோலும் முடிவைக் குழப்பும்.

முதலில் சிறுநீர் கழித்துவிடுங்கள். சிறுநீர் பட்டால் அமீபா செத்துவிடும். குந்தும் மலசலகூடத்தில் நேரே போனால் தண்ணீரோடு கலந்துவிடும், அந்தத் தண்ணீரில் உள்ள புழு பூச்சியெல்லாம் உங்கள் கணக்கில் வரும். சுத்தமான பொலித்தீன் பையை அல்லது வாழையிலைத் துண்டை விரித்து அதன்மேல் போய், மரக்கரண்டியால் எடுங்கள். நெல்லிக்காய் அளவு போதும். தண்ணீராகப் போனால் நாலைந்து தேக்கரண்டி. சளியோ இரத்தமோ இருக்கும் பகுதியை விட்டுவிடாதீர்கள். நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள், தேட வேண்டியது அந்தச் சளியில்தான் இருக்கும். மாதவிடாய் நாட்களிலும் மூலம் வெளிப்படையாகக் கசியும் நாட்களிலும் மறைந்த இரத்தப் பரிசோதனை கொடுக்க வேண்டாம்.

நேரம்தான் வன்னிக்குப் பெரிய தடை. உயிருள்ள அமீபா நகர்வதைப் பார்க்க வேண்டுமென்றால், தண்ணீராகப் போன மலம் அரை மணி நேரத்துக்குள் நுணுக்குக்காட்டிக்கு வர வேண்டும். ஐயன்கன்குளத்திலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ பஸ்ஸில் வந்தால் அது நடக்காது. வயிற்றுளைவு இருந்தால் வெறும் போத்தலோடு வைத்தியசாலைக்கு வந்து அங்கேயே மாதிரி கொடுங்கள். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் அமீபா அசையாமல் போய்விடும். கட்டியான மலத்தில் பூச்சி முட்டை பார்க்க என்றால் அவ்வளவு அவசரமில்லை, குளிரில் வைத்து அன்றே கொண்டு வரலாம். உறைய வைக்க வேண்டாம். வெயிலில் ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் கொழுக்கிப்புழு முட்டைகள் பொரித்துக் குடம்பி ஆகிவிடும். பார்ப்பவர் அதை வேறொரு புழு என்று எண்ண இடமுண்டு.

ஃபிட் மாதிரிக்கும் வெயில் எதிரி. சூட்டில் ஹீமோகுளோபின் சிதையும், இருக்கும் இரத்தம் இல்லையென்று வரும். ஏ9 வீதியில் சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் வைத்துக் கொண்டுவந்த மாதிரியை நான் நம்பமாட்டேன். ஐஸ் பையோடு கொண்டு வாருங்கள். போத்தலில் பெயர், திகதி, எடுத்த நேரம். துண்டில் நீங்கள் எடுக்கும் மருந்துகள்.

நான்காவது அடி: ரிப்போர்ட்டை வாசிப்பது

ஆங்கிலத்தில் ஈ. கோலை சிஸ்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்து வருபவர்கள் பலர். நஞ்சூட்டம் தரும் பக்டீரியாவுக்கும் அதே சுருக்கப் பெயர்தான். ஆனால் சிஸ்ட் என்று வந்தால் அது எண்டமீபா கோலை என்ற அமீபா, மனிதக் குடலில் தீங்கில்லாமல் வாழ்வது. அதற்கு மருந்து வேண்டாம். கிணற்றிலோ கையிலோ மலத் தொற்று இருந்திருக்கிறது என்பதற்கு மட்டும் அது சாட்சி. ஆகவே தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கிணற்றுக்குக் குளோரீன் போடுவது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

எண்டமீபா ஹிஸ்டோலிடிகா என்று வந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நோய் தரும் அதுவும், தராத டிஸ்பார் என்ற அதன் உடன்பிறப்பும் நுணுக்குக்காட்டியில் ஒரே முகம். செங்குழியத்தை விழுங்கிய நிலையில் கண்டால்தான் சந்தேகம் வலுக்கும். அறிகுறி இல்லாதவரின் ரிப்போர்ட்டில் ஒரு சிஸ்ட் கண்டதற்காக, பாமசியில் தாமாகவே மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லியை வாங்கி விழுங்குவதை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். மனம் பொறுக்கவில்லை. வைத்தியரிடம் காட்டிவிட்டு முடிவு எடுங்கள்.

சீழ்க்கலம் ஒன்றிரண்டு இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். நிறைய இருந்து, செங்குழியமும் சேர்ந்தால் குடற்சுவர் காயப்பட்டிருக்கிறது. "காணப்படவில்லை" என்ற சொல்லை அந்த மாதிரியில் அந்த நேரத்தில் காணப்படவில்லை என்று மட்டும் வாசியுங்கள்.

ஐந்தாவது அடி: மலத்தில் தேடக்கூடாதவை

கனடாவிலிருந்து மகள் அனுப்பிய ஒரு பெட்டியோடு முரசுமோட்டையிலிருந்து ஒரு ஐயா வந்தார். குடல் நுண்ணுயிர்களையெல்லாம் எண்ணி, மதிப்பெண் போட்டு, எதைச் சாப்பிடலாம் என்று பட்டியல் தருவார்களாம். மகளின் அன்பை நான் குறை சொல்லவில்லை, அந்தக் காசைத்தான் நினைத்தேன். நல்ல குடலின் நுண்ணுயிர்க் கூட்டம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு இன்னும் இல்லை. சாப்பாடு மாறினால் அந்தக் கூட்டமும் மாறும். ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய, வட அமெரிக்க மக்களுடையவை. சிவப்பரிசிச் சோறும் குரக்கன் புட்டும் ஒடியல் கூழும் சாப்பிட்ட குடலை அவற்றோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது எப்படிச் சரியாகும்? தவிர, மலம் காட்டுவது பெருங்குடலின் கடைசிப் பகுதியை. சிறுகுடலில் என்ன நடக்கிறது என்று அதில் தெரியாது. நுண்ணுயிர் ஆராய்ச்சி பெரிய அறிவியல்தான், நாளை பயன் தரும். இன்று ஒருவருக்கு மருந்தோ உணவோ தீர்மானிக்க அந்தப் பட்டியல் போதாது.

கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோய்க்கு இரத்தப் பரிசோதனை. பெரியவர்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமைக்கு மூச்சுப் பரிசோதனை, அல்லது சில வாரம் பாலை நிறுத்திப் பார்ப்பது. குடல் எரிச்சல் நோயில் மலப் பரிசோதனை எல்லாம் நோர்மலாகத்தான் இருக்கும், அதற்காக வலி பொய் ஆகாது. குடல் தொற்று வந்துபோனவர்களில் சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு இது தொடரும். மன நெருக்கடியும் இதைக் கூட்டும். 2009இல் போரால் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமில் தொடங்கிய வயிறு இன்னும் அடங்கவில்லை என்று சொல்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். "ரிப்போர்ட்டில ஒண்டுமில்லை, உனக்குச் சும்மா பயம்" என்று அவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். அதற்கு மருந்தும் உண்டு, உணவு முறையும் உண்டு.

ஆறாவது அடி: முடிவோடு வைத்தியரிடம்

கொப்பி, பழைய ரிப்போர்ட்டுகள், எடுக்கும் குளிகை மட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு போங்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: "இந்த முடிவால எந்த நோய் இல்லையெண்டு உறுதியாச் சொல்லலாம் டொக்டர்? இது நோர்மல் எண்டால் அடுத்து என்ன பாக்கப் போறம்?" வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல் என்று தெரிந்தால் அவை அறிவிக்க வேண்டிய நோய்கள். பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் தண்டிக்க வருகிறார் என்று பயப்பட வேண்டாம், கிணற்றைப் பார்க்கத்தான் வருகிறார்.

துணுக்காய் அம்மாவுக்கு அன்று போத்தலைத் திருப்பிக் கொடுத்து, ஓபிடிக்குப் போகச் சொன்னேன். வயது 58, ஆறு மாதமாகப் புதிய மலச்சிக்கல். வைத்தியர் மறைந்த இரத்தத்தையும் இரத்தக் கணக்கையும் தைரொயிட்டையும் பார்க்க எழுதினார். அடுத்த கிழமை சரியான போத்தலில், ஐஸ் பையோடு, நேரம் எழுதிக் கொண்டு வந்தார். மலத்தில் இரத்தம் இல்லை. தைரொயிட் சுரப்புக் குறைந்திருந்தது. குளிகை தொடங்கி இரண்டு மாதத்தில் வயிறு ஊதுவது குறைந்தது. 50ஐத் தாண்டியவர் என்பதால் பெருங்குடலைக் கமராவால் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கும் வைத்தியர் திகதி போட்டிருந்தார். அதற்கும் போய் வந்தார்.